எதிரி இல்லாத சனிக்கிழமை

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. காலுக்கு அதில் வேலை கம்மி. உலகம் முழுக்க ஃபுட்பால் என்று சொல்வதை அவர்கள் சாக்கர் என்பார்கள். இந்த முட்டை வடிவப் பந்தை எதிராளியின் எல்லைக்கோடு தாண்டிக் கொண்டுபோனால் டச்டவுன், 6 பாயின்ட். இந்தக் கட்டுரைக்கு அது தெரிந்தால் போதும்.

செப்டம்பரில் ஆரம்பித்து நவம்பர் வரை, இலையெல்லாம் சிவந்து உதிர்கிற காலத்தில், அங்கே சனிக்கிழமை என்றாலே காலேஜ் ஃபுட்பால்தான். அதில் பெரிய பெரிய ஆட்கள் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம். கோச்சுக்குச் சம்பளம் கோடிகளில். டி.வி.க்காரர்கள் கொட்டுகிற பணத்துக்குக் கணக்கே இல்லை. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இது அதற்கு நேர் எதிர்க்கோடியில் இருக்கிற சின்னக் காலேஜ்களின் கதை.

டிவிஷன் த்ரீ என்று ஒரு பிரிவு. எண்ணிக்கையில் அதுதான் பெரியது, ஃபுட்பால் ஆடுகிற காலேஜ்கள் மட்டும் கிட்டத்தட்ட 240. இங்கே விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தரக்கூடாது, அது சட்டம். மண்டை உடைய ஆடுகிற பையனும் ஃபீஸ் கட்டித்தான் படிக்கிறான் (படிப்புக்காகவோ வசதிக் குறைவுக்காகவோ சலுகை கிடைக்கலாம், அது வேறு கணக்கு). படித்து முடித்ததும் பெரும்பாலானவர்கள் ஆடிட்டராகவோ வாத்தியாராகவோ இன்ஷூரன்ஸ் ஏஜென்டாகவோ போய்விடுவார்கள். கடைசி மேட்ச் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றினால் அதோடு சரி.

அப்புறம் எதற்காக ஆடுகிறார்கள்? பக்கத்து ஊர்க் காலேஜைத் தோற்கடிக்கத்தான், வேறு எதற்கு :-)

மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ், ஆமர்ஸ்ட் என்று இரண்டு காலேஜ். 1821-இல் வில்லியம்ஸின் தலைவராக இருந்தவர் "இந்த மலைக்காட்டுக்குள் காலேஜ் உருப்படாது" என்று முடிவு செய்து, கொஞ்சம் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பிப் போய் ஆமர்ஸ்ட்டின் முதல் தலைவர் ஆனார். போகும்போது லைப்ரரிப் புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று வில்லியம்ஸ்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆதாரம் இல்லாததுதான் வசதி, இருநூறு வருஷமாகத் திட்டிக்கொண்டே இருக்கலாம். 1884-இல் முதல் முறையாக ஃபுட்பாலில் மோதினார்கள். 2007 நவம்பரில் ஈ.எஸ்.பி.என். தன் புகழ்பெற்ற சனிக்கிழமை நிகழ்ச்சியை வில்லியம்ஸ்டவுனில் போய் நடத்தியது. டிவிஷன் த்ரீ காலேஜ் ஒன்றுக்கு அந்த நிகழ்ச்சி போனது அதுதான் முதல் தடவை.

இண்டியானாவில் இன்னொரு ஜோடி. வாபாஷ், டிபா. ஒன்றுக்கொன்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். வாபாஷ் இன்றைக்கும் ஆண்கள் மட்டும் படிக்கிற காலேஜ், மொத்தமே எண்ணூறு தொள்ளாயிரம் பேர்தான். 1890-இல் ஆரம்பித்த சண்டை. ஜெயித்தவர்களுக்குக் கோப்பை என்று எதுவும் கிடையாது, ஒரு மணி உண்டு. மோனான் ரயில்வேயின் இன்ஜினிலிருந்து கழற்றிய மணி, சுமார் 136 கிலோ. 1932-இலிருந்து அந்த மணிக்காகத்தான் மோதுகிறார்கள். ஜெயித்த காலேஜில் ஒரு வருஷம் மணி இருக்கும்.

இருக்கும் என்றா சொன்னோம்... திருடு போகாத வரைக்கும் இருக்கும். 1965-இல் வாபாஷ் மாணவன் ஒருவன் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, மெக்சிகோவிலிருந்து வந்த அதிகாரி என்று சொல்லி டிபா காலேஜின் தலைவரையே போய்ப் பார்த்தான். எங்கள் நாட்டுப் பிள்ளைகள் இங்கே படிக்க ஸ்காலர்ஷிப் பற்றிப் பேச வந்தேன் என்றான். காலேஜைச் சுற்றிக் காட்டினார்கள். அந்த மணியையும் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறான். விருந்தாளி கேட்கிறாரே என்று, ஒளித்து வைத்திருந்த இடத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆபரேஷன் ஃப்ரிஹோலெஸ்'. மெக்சிகோக்காரர்கள் சாப்பிடுகிற பயறுக்கு அதுதான் பெயர்!

மேட்ச் நாளில் பழைய மாணவர்கள் அமெரிக்கா முழுக்க ஊர் ஊராக ஒரு ஹோட்டலில் கூடி டி.வி.யில் பார்ப்பார்கள். டிபா, வாபாஷ் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். நாற்பது வருஷம் முன்னால் ஆடிய கிழவர்கள் கத்துவார்கள். திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள்.

இப்படியே சிரிப்புக் கதைகளாகச் சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் இந்தக் கட்டுரை எழுத வேண்டி வந்தது மினசோட்டாவில் நடந்ததைப் பற்றி. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

செயின்ட் ஜான்ஸ், செயின்ட் தாமஸ். இரண்டுமே கத்தோலிக்கக் காலேஜ்கள். செயின்ட் ஜான்ஸ் 1857-இல் பெனடிக்டைன் துறவிகள் ஆரம்பித்தது. காலேஜ்வில் என்கிற இடத்தில், காட்டுக்கும் ஏரிக்கும் நடுவில், மடத்தை ஒட்டியே இருக்கிறது. துறவிகளின் செய்முறையில் சுடுகிற ஜானி பிரெட் அங்கே ரொம்பப் பிரபலம். செயின்ட் தாமஸ் 1885-இல் தொடங்கியது, செயின்ட் பால் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒன்றரை மணி நேரக் கார் பயணம். 1901-இலிருந்து ஃபுட்பாலில் மோதல். இவர்கள் சிவப்பு, அவர்கள் ஊதா. இவர்கள் ஜானீஸ், அவர்கள் டாமீஸ். ஒரே வீட்டில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்பதெல்லாம் சர்வ சாதாரணம்.

செயின்ட் ஜான்ஸுக்கு 1953-இலிருந்து 2012 வரை ஒரே கோச்தான். ஜான் கலார்டி. மொத்தம் 489 மேட்ச் ஜெயித்திருக்கிறார், காலேஜ் ஃபுட்பாலில் வேறு எந்தக் கோச்சும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. மனுஷர் பயிற்சியில் விசில் ஊதமாட்டார். பயிற்சியில் ஒருத்தனை ஒருத்தன் இடித்துத் தள்ளக் கூடாது. கோச் என்று கூப்பிடக் கூடாது, ஜான் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். இப்படியே நாலு தேசிய சாம்பியன்ஷிப். கடைசியாக 2003-இல், தொடர்ந்து 55 மேட்ச் ஜெயித்து வந்த மவுன்ட் யூனியனை 24-6 என்று கவிழ்த்தார்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் கோச்சுகளைக் குட்டிச் சாமியார்கள் மாதிரி கும்பிடுவதைப் பார்த்தவர்களுக்கு இவருடைய அருமை புரியும்.

செயின்ட் தாமஸ் வேறு வழியில் வளர்ந்தது. 1977-இல் பெண்களையும் சேர்த்தார்கள், 1990-இல் பெயரைப் பல்கலைக்கழகம் என்று மாற்றினார்கள். நகரத்துக்குள் இருப்பதால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இளநிலை மாணவர்கள் மட்டும் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதே லீக்கில் இருந்த மற்ற காலேஜ்களில் பெரும்பாலானவை இரண்டாயிரம், மூவாயிரம்தான். 2008-இல் புதுக் கோச் வந்தபின் ஃபுட்பால் டீம் எகிறியது. 2012-இலும் 2015-இலும் தேசிய இறுதி ஆட்டம் வரை போனார்கள்.

2017 செப்டம்பர் 23-ஆம் தேதி இந்த இரண்டு காலேஜும் மினியாபொலிஸில் இருக்கிற பெரிய பேஸ்பால் மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடின. வந்தவர்கள் 37,355 பேர். டிவிஷன் த்ரீ வரலாற்றிலேயே அதற்குமுன் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. ஸ்காலர்ஷிப் இல்லாத பையன்கள் ஆடுகிற மேட்சுக்கு முப்பத்தேழாயிரம் டிக்கெட்! செயின்ட் தாமஸ் 20-17 என்று மயிரிழையில் ஜெயித்தது.

அதே 2017 பருவத்தில்தான் அந்த இன்னொரு மேட்சும் நடந்தது. செயின்ட் தாமஸ் 97, செயின்ட் ஓலாஃப் 0.

தொண்ணூற்றேழு. ஏறக்குறைய பதினாலு டச்டவுன் கணக்கு. ஆட்ட நேரம் 60 நிமிஷம், அதாவது சுமார் நாலு நிமிஷத்துக்கு ஒன்று. எதிர்த்து ஆடிய பையன்களும் ஃபீஸ் கட்டிப் படிக்கிறவர்கள்தான். அவர்களுடைய அப்பா அம்மாவும் காலரியில் குளிரில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். இதைப் பார்த்துவிட்டு மற்ற காலேஜ்கள் "போதும்" என்று சொன்னால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

2019 மே மாதம் லீக் அறிவித்தது. செயின்ட் தாமஸ் நீக்கப்படுகிறது, 2021 வசந்தத்தோடு கணக்கு முடிகிறது. காரணம், போட்டியில் சமநிலை இல்லை. அந்த லீக் 1920-இல் ஏழு காலேஜ்கள் சேர்ந்து ஆரம்பித்தது. அந்த ஏழில் செயின்ட் தாமஸும் ஒன்று, செயின்ட் ஜான்ஸும் ஒன்று, 97-0 வாங்கிய செயின்ட் ஓலாஃபும் ஒன்று. விதியை மீறியதாக யாரும் செயின்ட் தாமஸ் மேல் குற்றம் சாட்டவில்லை. ஜெயித்தார்கள், அதுவும் அதிகமாக ஜெயித்தார்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். பெரிய காலேஜ்களில் இப்படிப் பழைய மோதல்கள் முறிவது ஏற்கெனவே பழகிப்போன சங்கதி. டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் 2011-க்கு அப்புறம் 2024 வரை மோதிக்கொள்ளவே இல்லை. ஓக்லஹாமாவும் ஓக்லஹாமா ஸ்டேட்டும் வருஷா வருஷம் ஆடியது 2023-ஓடு நின்றது. காரணம் எல்லோருக்கும் தெரியும், டி.வி. பணம் எந்த லீக்கில் அதிகமோ அந்த லீக்குக்குத் தாவினார்கள். அதைப் பார்த்து "பணம் கெடுத்தது, சின்னக் காலேஜில் இதெல்லாம் நடக்காது" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் நிறைய. ஆனால் மினசோட்டாவில் யாருக்கும் ஒரு டி.வி. ஒப்பந்தமும் கையில் இல்லை. நூறு வருஷ மோதலை முறித்தது அங்கே நியாயம் என்கிற நல்ல வார்த்தை.

நியாயம்தானா அது? பாதி நியாயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மற்ற காலேஜ்கள் பக்கம் பலமான காரணம் இருந்தது. ஃபுட்பால் மட்டும் என்றில்லை, எல்லா விளையாட்டையும் சேர்த்துக் கொடுக்கிற பரிசுகளையும் செயின்ட் தாமஸ்தான் வருஷா வருஷம் அள்ளிக்கொண்டிருந்தது. அதோடு, சின்னக் காலேஜுக்கு ஃபுட்பால் டீம் என்பது வெறும் விளையாட்டு கிடையாது. இதைக் கணக்குப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால்தான் புரியும். ஒரு டீமில் நூறு பையன்கள், சில இடத்தில் அதற்கும் மேல். எல்லோரும் ஃபீஸ் கட்டுகிறவர்கள். டீம் இல்லாவிட்டால் அவர்களில் பலர் அந்தக் காலேஜுக்கு வந்திருக்கவே மாட்டார்கள். பையன்கள் சேர்க்கை குறைகிற காலத்தில், புதிதாக ஃபுட்பால் டீம் தொடங்கியே சேர்க்கையைத் தூக்கி நிறுத்திய காலேஜ்கள் உண்டு. ஆகவே கோச் என்பவர் பாதி கோச், பாதி சேர்க்கை அதிகாரி. 97-0 வாங்குகிற காலேஜுக்கு அடுத்த வருஷம் எந்தப் பையன் வருவான்? அவர்கள் பயந்தது வெறும் மானத்துக்காக இல்லை. அங்கே சின்னக் காலேஜ்கள் நிஜமாகவே மூடப்படுகின்றன. அலபாமாவில் பர்மிங்ஹாம்-சதர்ன் 2024 மே 31 அன்று கதவைச் சாத்தியது. அந்த நாளில் அதன் பேஸ்பால் டீம் ஒஹையோவில் தேசியப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது, காலேஜ் இல்லாத காலேஜ் டீமாக.

மீதிப் பாதிக்கு வருவோம். செயின்ட் தாமஸ் யாராலும் தோற்கடிக்க முடியாத பூதம் என்று சொன்னார்களே, 2018-இல் அதைத் தோற்கடித்தது யார்? செயின்ட் ஜான்ஸ். 2019-இல்? மறுபடியும் செயின்ட் ஜான்ஸ். அளவில் அதைவிட ரொம்பச் சின்ன, காட்டுக்குள் இருக்கிற காலேஜ். (கூட்டாளியான பெண்கள் காலேஜைச் சேர்த்தால்கூட பாதிதான் வரும்.) அப்படியானால் ஆள் எண்ணிக்கை மட்டுமே காரணம் என்று எப்படிச் சொல்வது? செயின்ட் ஜான்ஸும் மற்றவர்களை ஐம்பது அறுபது என்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவர்களை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.

இன்னொன்று. இதே லீக்கில் முன்னுதாரணம் இருந்தது. மக்காலெஸ்டர் என்கிற காலேஜ், செயின்ட் தாமஸ் இருக்கிற அதே செயின்ட் பால் ஊர்தான். பாவம், 1974-இலிருந்து 1980 வரை தொடர்ச்சியாக 50 மேட்ச் தோற்ற சாதனை அவர்களுடையது. 2002-இல் அவர்கள் ஃபுட்பாலில் மட்டும் லீக்கை விட்டு விலகி, தங்களுக்கு ஈடான ஆட்களோடு வெளியே ஆடினார்கள். மற்ற விளையாட்டுகளில் லீக்கிலேயே இருந்தார்கள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. தோற்கிறவனுக்குத் திறந்த அதே பக்கவாட்டுக் கதவை, அதிகம் ஜெயிக்கிறவனுக்கும் திறந்திருக்கலாமே? செயின்ட் தாமஸ் போன பிறகு 2021-இல் ஃபுட்பாலுக்கு லீக்கை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள், மக்காலெஸ்டரும் திரும்பி வந்தது. அந்தப் பிரிப்பை இரண்டு வருஷம் முன்னால் யோசித்திருந்தால்?

ஒருவேளை யோசித்தும் சரிவராமல் போயிருக்கலாம், உள்ளே என்ன பேசினார்களோ. ஆனால் வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று உறுத்துகிறது. அந்த மேட்சால் மகிழ்ந்தவர்கள் முப்பத்தேழாயிரம் பேர். முடிவு எடுத்த அறையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு 'நற்பெயர்' என்று ஒரு பாடம் வரும். கண்ணுக்குத் தெரியாத சொத்து. கடையை விற்கும்போதுதான் அதற்கு விலை போடுவார்கள், மற்ற நாளில் ஏட்டில் ஏறாது. நூறு வருஷ எதிராளியும் அந்த மாதிரிச் சொத்துதான், ஆனால் இன்னும் சிக்கலானது. அது ஒருத்தர் பெயரில் எழுதமுடியாத சொத்து. செயின்ட் ஜான்ஸின் சொத்தில் பாதி செயின்ட் தாமஸிடம் இருக்கிறது, செயின்ட் தாமஸின் சொத்தில் பாதி செயின்ட் ஜான்ஸிடம். அவர்கள் ஏட்டிலும் இல்லை, இவர்கள் ஏட்டிலும் இல்லை, லீக்கின் ஏட்டில் நிச்சயமாக இல்லை. ஏட்டில் இல்லாததை யாரும் நஷ்டம் என்று எழுதவில்லை.

அப்புறம் நடந்தது சுருக்கமாக. செயின்ட் தாமஸ் 2021-இல் டிவிஷன் த்ரீயிலிருந்து நேராக டிவிஷன் ஒன்னுக்குத் தாவியது, நவீன காலத்தில் வேறு யாரும் அப்படி நேராகப் போனதில்லை. ஃபுட்பாலில் ஸ்காலர்ஷிப் தராத ஒரு லீக்கில் சேர்ந்தார்கள். டிரேக், டேட்டன், கலிபோர்னியாவில் இருக்கிற சான் டியேகோ என்று எதிராளிகள். 2022-இல் பத்து ஜெயித்து ஒன்று தோற்று லீக் சாம்பியன். விமானம் ஏறிப் போய் ஆடுகிறார்கள். சான் டியேகோக்காரனுக்கும் செயின்ட் பால்காரனுக்கும் என்ன பங்காளிச் சண்டை இருக்க முடியும்? வந்தான், ஆடினான், போனான். வெளியேற்றப்பட்டதால் செயின்ட் தாமஸ் பெரிய ஆளாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் நஷ்டத்தின் பெரும் பங்கு விழுந்தது தீர்ப்பில் பெயரே வராத செயின்ட் ஜான்ஸின் தலையில். அவர்கள் போக வேறு இடம் இல்லை, போகவும் விரும்பவில்லை.

கடைசி மேட்ச் 2019 அக்டோபர் 19, செயின்ட் பாலில் இருக்கிற சாக்கர் ஸ்டேடியத்தில். பத்தொன்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். நீக்கம் அறிவிக்கப்பட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆனால் அன்றைக்கு வந்தவர்கள் அதைக் கடைசி மேட்ச் என்று நினைத்து வரவில்லை. 2020-இல் இன்னொன்று பாக்கி இருந்தது, அதில் பிரியாவிடை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். 2020-இல் கொரோனா வந்தது. அந்த இலையுதிர் காலத்தில் லீக்கில் ஃபுட்பாலே நடக்கவில்லை. அதற்குள் கெடு முடிந்துவிட்டது.

காலேஜ்வில்லில் இப்போதும் சனிக்கிழமை மேட்ச் உண்டு. பைன் மரங்கள் சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிற அந்த மைதானம் அமெரிக்காவின் அழகான மைதானங்களில் ஒன்று என்பார்கள். சிவப்புச் சட்டைகள் வருகின்றன, ஜானி பிரெட் வாங்குகிறார்கள், டீம் ஜெயிக்கிறது, பெத்தேல் வந்தால் கொஞ்சம் சூடு பிடிக்கிறது. எதிர்ப்பக்கக் காலரியில் ஊதா நிறம் மட்டும் கிடையாது. அந்தக் கூட்டத்தில் அண்ணன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அதே நேரத்தில் தம்பிகள் டிரேக்கோடு ஆடுகிற மேட்ச் என்ன ஆச்சு என்று செல்போனில் பார்த்துக்கொண்டு.